மண்டகப்படி கோல்

அரியலூர் வெற்றிவேல் கால்பந்தாட்ட சபையின் ஒரே பந்து வெடித்த அன்றுதான் கொளஞ்சிக்குக் கெட்ட காலம் பிடித்தது. அப்போது அது அவனுக்குத் தெரியாது. பந்து போனால் என்ன, கால் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டான்.

கொளஞ்சிக்கு ஆண்டிமடத்துப் பக்கம். முந்திரிக் கொல்லையில் கூலி வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பஸ் பிடித்து அரியலூருக்கு வந்து வெறுங்காலோடு பந்து ஆடுவான். உயரம் கிடையாது, உடம்பும் கிடையாது. எதிர் அணிக்காரர்கள் "எங்கடா அவன்?" என்று திரும்பிப் பார்ப்பதற்குள் பந்து கம்பங்களுக்கு நடுவே போய்ச் சேர்ந்திருக்கும். எழுபதுகளின் கடைசியில் ஜெயங்கொண்டத்திலும் பாடாலூரிலும் அவன் பெயரைச் சொன்னாலே கோல் கீப்பர்கள் கம்பத்தைப் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் நம் கதை அவன் கோல் அடித்ததைப் பற்றியது அல்ல. அடித்த கோல் எங்கே போயிற்று என்பதைப் பற்றியது.

சபைக்குச் செயலாளர் ஜவுளிக்கடை வேணுகோபால். அதற்கு முன்பு அவர் கோயில் திருவிழாக் கமிட்டிக்குச் செயலாளராக இருந்தவர். ஒரு பொதுக் காரியத்துக்குக் காசு புரட்ட அவருக்குத் தெரிந்த ஒரே வழி மண்டகப்படி. திருவிழாவில் முதல் நாள் செலவு ஒரு குடும்பம், மறுநாள் செலவு இன்னொரு குடும்பம். யார் செலவோ அன்றைக்கு அவர்கள் சாமி. பரிவட்டம் அவர்கள் தலைக்கு, முதல் மாலை அவர்கள் கழுத்துக்கு. சாமியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறவனின் தோளைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

"பந்து ஒருத்தரு வாங்கித் தரணும், கம்பம் ஒருத்தரு நடணும், சுண்ணாம்புக் கோடு ஒருத்தரு போடணும். அவுங்களுக்கு நாம பதிலுக்கு என்ன குடுக்கறது?" என்று கமிட்டியில் கேட்டார் வேணுகோபால். "கோலைக் குடுப்போம்" என்று பதிலையும் அவரே சொன்னார்.

கமிட்டி கைதட்டி ஏற்றுக்கொண்டது. கோலைக் கொடுக்க வேண்டியவன் அப்போது வெளியே குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தான்.

புதுப் பந்து வாங்கித் தந்தவர் ரைஸ் மில் இளையபெருமாள். பந்தோடு கூடவே சபையின் தலைவர் பதவிக்கும் வந்து சேர்ந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொளஞ்சி முதல் கோலை அடித்ததும் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார்கள். மேளம் ஒரு சுற்று வாசித்து ஓய்ந்தது. மைக் செட் அரியமுத்து தொண்டையைக் கனைத்துக்கொண்டு அறிவித்தான்:

"ஆண்டிமடம் கொளஞ்சியின் கால் வழியாக, நமது சபைத் தலைவர், ரைஸ் மில் அதிபர், உயர்திரு இளையபெருமாள் அவர்கள் அடித்த உபய கோல்!"

தலைவர் மைதானத்துக்குள் வந்தார். சரிகைப் பரிவட்டம் கட்டினார்கள், மாலை போட்டார்கள், எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள். தாம்பாளத்தைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. பக்கத்தில் மூச்சிரைக்க நின்றவன் கொளஞ்சி. அவன் கையில் கொடுத்தார்கள். அன்றிலிருந்து தாம்பாளம் பிடிப்பதும் அவன் வேலையாயிற்று. அரியமுத்துவுக்கு அறிவிப்பு நீளமாக இருந்ததால் கொஞ்ச நாளில் "கொளஞ்சியின் கால் வழியாக" என்ற பகுதி உதிர்ந்துபோயிற்று.

"ஓடுனது நீ, ஒதபட்டது நீ, மாலை அவருக்கா?" என்று கேட்டாள் அவன் பெண்டாட்டி சிந்தாமணி. முந்திரிக் கொட்டை உடைத்து உடைத்து, அதன் பால் பட்டு அவள் விரல் நுனிகள் கறுத்துத் தோல் உரிந்திருந்தன. சோற்றிலிருக்கும் உப்புப் பட்டாலே எரியும்.

"மாலை வாடிப்போற சாமான்தானே, போவுது போ. வேணுகோபால் அண்ணன் சொல்லியிருக்காரு. திருச்சிப் பக்கத்துக் கம்பெனியில பந்தாடுறவனுக்குப் பர்மனென்ட் வேலை குடுக்குறான். ஆள் பாக்க வரப்போ அண்ணனே எந்திரிச்சு நின்னு, அத்தனையும் அடிச்சவன் இவந்தான்னு சொல்லுவாரு. அப்புறம் நீ கொட்டை ஒடைக்கப் போவாண்டாம்."

"சொல்லுவாரா?"

"அண்ணன் சொல்லாம வேற யாரு சொல்லுவா?"

சிந்தாமணி விரல்களைத் தேங்காயெண்ணெயில் தோய்த்துக்கொண்டாள்.

மண்டகப்படி என்று வந்துவிட்டால் முறை வந்துவிடும். முதல் கோல் தலைவருக்கு என்று தீர்மானமாயிற்று. ஒரு நாள் தலைவரின் அம்பாசிடர் கார் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டது. அது தெரியாத கொளஞ்சி ஆட்டம் தொடங்கிய கையோடு ஒரு கோல் போட்டுவிட்டான். வேணுகோபால் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடிவந்தார். நடுவரோடு கலந்து பேசினார். உபயதாரர் வருமுன் அடித்த கோல் செல்லாது என்று மைக்கில் அறிவித்தார்கள்.

"தம்பி, கார் வர வரைக்கும் பந்தை விட்டுறாத. கோலும் போட்டுறாத" என்றார் வேணுகோபால்.

"எம்புட்டு நேரம்ணே?"

"கூட்ஸ் வண்டியாம்."

கொளஞ்சி பந்தைக் காலோடு வைத்துக்கொண்டு எதிர்க் கோலுக்கு முன்னால் சுற்றிச் சுற்றி வந்தான். எதிர் அணிக்காரர்கள் பிடுங்கிப் பார்த்தார்கள், முடியவில்லை. களைத்துப்போய் இருவர் உட்கார்ந்துவிட்டார்கள். கீப்பர் இடுப்பு மடிப்பிலிருந்து வெற்றிலையை எடுத்துப் போட்டுக்கொண்டு, "ஏண்ணே, மில்லுக்காரரு சாப்புட்டுட்டுத்தான் வருவாரா?" என்று கேட்டான். கார் ஹாரன் கேட்டது. "ம், இப்ப அடி!" என்று கத்தினார் வேணுகோபால். அடித்தான். மேளம் முழங்கியது.

பரிவட்டத்தோடு மைக் முன் நின்ற தலைவர் உருக்கமாகப் பேசினார்: "இன்னிக்கு நான் அடிச்ச கோலு லேசுல வந்ததில்லீங்க. கேட்டுல நிக்கிறப்ப வேர்த்து விறுவிறுத்துப்போச்சு. டிரைவர் திரும்பிடலாமான்னான். மாட்டேன்னுட்டேன். வெளையாட்டுன்னா விடாமுயற்சி வேணும். இளைஞர்களுக்கு நான் சொல்லிக்கிறது அதான்." இளைஞர்கள் கைதட்டினார்கள். கொளஞ்சியும் தட்டியிருப்பான், கையில் தாம்பாளம் இருந்தது.

புகழ் பரவி, பெரம்பலூர் கலைமகள் கால்பந்து மன்றம் அவனை ஒரு பருவத்துக்கு இரவல் கேட்டது. கோயில் யானையை அடுத்த ஊர்த் திருவிழாவுக்கு அனுப்புவதுபோல மேளத்தோடு பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விட்டார்கள். "போயிட்டு வா தம்பி. உன் பேரு அங்கயும் பரவட்டும்" என்றார் வேணுகோபால். கொளஞ்சிக்குக் கண் கலங்கியது.

பெரம்பலூரில் மண்டகப்படி வேறு விதம். அங்கே உபயதாரர்கள் எல்லாம் உத்தியோகஸ்தர்கள். எந்த ஆபீஸ் என்று சொல்லி நான் வம்பில் மாட்டிக்கொள்ளப் போவதில்லை. சின்ன ஆபீசர், நடு ஆபீசர், பெரிய ஆபீசர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன ஆபீசருக்கு ஒரு கோல், நடு ஆபீசருக்கு அதைவிடக் கூட, பெரிய ஆபீசருக்கு எல்லோரையும்விடக் கூட. பதவிக்குத் தகுந்த மாதிரி கோல் விழ வேண்டும் என்பதுதான் விதி. இது கொளஞ்சிக்கு விளக்கப்படவில்லை. முதல் ஆட்டத்தில் மேடையில் சின்ன ஆபீசர் மட்டும் இருந்தார். கொளஞ்சிக்கோ அன்று கால் நல்ல வாகாக இருந்தது. அடித்துத் தள்ளிவிட்டான்.

சின்ன ஆபீசர் மாலையும் கழுத்துமாக வீட்டுக்குப் போனார். மறுவாரம் பெரிய ஆபீசர் வந்தார். மழை. மைதானம் சேறு. அடுத்த ஆட்டங்களிலும் மழை விடவில்லை. பெரிய ஆபீசரைவிடச் சின்ன ஆபீசர் கூடுதலாகக் கோல் அடித்தவர் என்ற நிலை ஒரு மாதம் நீடித்தது. ஆபீசில் யாரும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கொளஞ்சியைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்கள்.

"மழைங்க. வழுக்குதுங்க."

"சின்ன ஆபீசருக்கு மட்டும் வழுக்கலியா?"

"அன்னிக்கு மழை இல்லீங்க."

"மழை இல்லாதப்போ ஏம்ப்பா அவ்வளவு அடிச்சே? மேல இருக்குறவங்களுக்கு மிச்சம் வைக்கணும்னு தோணலியா?" என்று நடு ஆபீசர் வருத்தத்தோடு கேட்டார். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். சின்ன ஆபீசரின் கோல்களில் பாதி, நிர்வாக நலன் கருதி, பெரிய ஆபீசருக்கு மாறுதல் செய்யப்பட்டது. சின்ன ஆபீசர் பாத்ரூமில் போய் அழுததாகச் சொல்வார்கள். கொளஞ்சிக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. பாவம், அடித்த கோலைப் பறிகொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துக்கொண்டான். யாருடைய கோல் என்ற நினைப்பு அவனுக்கே மறந்துபோயிருந்தது.

பருவம் முடிந்து அரியலூருக்குத் திரும்பினான். அந்த வருஷக் கோப்பைப் போட்டியின் அரையிறுதி ஆட்டத்தில் உயரமாக வந்த பந்தை எகிறித் தலையால் முட்டினான். பந்து உள்ளே போயிற்று, அவன் கம்பத்தில் போய் மோதினான். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணை மறைத்தது. மேளச் சத்தம் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது அவன் தலையால் விழுந்த கோலுக்குத் தலைவரின் தலையில் பரிவட்டம் கட்டிக்கொண்டிருந்தார்கள். போட்டோ பிடிக்க வந்தவர், "ரத்தத்தோட நிக்கிறவரு கொஞ்சம் தள்ளிக்குங்க" என்றார். கொளஞ்சி தள்ளிக்கொண்டான். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவனுக்கு நெஞ்சு வலித்தது. நெற்றிதான் வலிக்கிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டான்.

அந்த வாரம் வேணுகோபால் ஆண்டிமடத்துக்கே வந்துவிட்டார். தெருவுக்குள் வரவில்லை, முனையிலேயே ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டு ஆளனுப்பிக் கூப்பிட்டார். அவ்வளவு தூரம் வந்ததே கொளஞ்சிக்குப் பெரிதாக இருந்தது. சிந்தாமணி ஓடிப்போய்க் கலர் வாங்கி வந்தாள். வேணுகோபால் பாட்டிலை அண்ணாந்து குடித்துவிட்டு, "ஃபைனலுக்குக் கம்பெனி ஆளு வராரு. சட்டையைத் தொவச்சுப் போட்டுக்கிட்டு வா தம்பி" என்றார்.

"அண்ணே, நீங்க சொல்லிருவீங்கல்ல?"

"என்னடா இது கேள்வி? உன்னைத் தூக்கி விட்டவன் நான்."

ஃபைனல் அரியலூரிலேயே. எதிர் அணி பெரம்பலூர் கலைமகள். மேடையில் ஒரு பக்கம் தலைவர், அவர் மாப்பிள்ளை தங்கராசு, வேணுகோபால். மறுபக்கம் பெரம்பலூரின் பெரிய ஆபீசர். நடுவில் கண்ணாடி போட்ட கம்பெனிக்காரர். துவைத்த சட்டையோடு கொளஞ்சி மேடைக்குக் கீழே தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கம்பெனிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு நேரம் இல்லை. உங்க சபையிலே அதிக கோல் அடிச்சவர் யாரு? அவருக்குத்தான் வேலை."

"நான்தாங்க" என்றார் தலைவர்.

கம்பெனிக்காரர் அவருடைய தொந்தியைப் பார்த்தார். "உங்களுக்கு என்ன வயசு?"

"அறுவது தாண்டிருச்சு."

"எங்க கம்பெனியிலே அதுக்கு முன்னாடியே ரிட்டயர் பண்ணிடுவோமே!"

தலைவர் யோசித்தார். "அப்ப என் மாப்பிள்ளை தங்கராசுக்குப் போடுங்க. மண்டகப்படி வாரிசுக்கு எறங்கும். எனக்கு ஆண் வாரிசு இல்ல. என் கோலு எல்லாம் எனக்கப்புறம் அவருதுதான்."

தங்கராசு எழுந்து வணக்கம் சொன்னான். பந்தை அவன் கல்யாணத்துக்கு முன்பு ஒருமுறை கையால் தொட்டிருக்கிறான்.

"ஆட்டத்தைப் பாத்துட்டுச் சொல்றீங்களா?" என்று கேட்டார் பெரிய ஆபீசர்.

"நான் ஆட்டம் பார்க்க வரலை. ஆளைத் தேர்ந்தெடுக்க வந்தேன்" என்றார் கம்பெனிக்காரர். "செயலாளர் என்ன சொல்றீங்க? யாரு அடிச்ச கோல் அதெல்லாம்?"

வேணுகோபால் எழுந்து நின்றார். கொளஞ்சி ஒரு கையால் துவைத்த சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். இதோ, அண்ணன் எழுந்துவிட்டார். இதற்காகத்தான் இத்தனை வருஷம். வேணுகோபால் மேடைக்குக் கீழே ஒரு தடவை பார்த்தார். கண்ணும் கண்ணும் சந்தித்தன. அப்புறம் தலைவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மரபுப்படி பாத்தா, தலைவர் சொல்றதுதான் சரி" என்றார்.

கொளஞ்சி பிடித்திருந்த தாம்பாளத்தில் எலுமிச்சம்பழம் உருண்டது.

"கொளஞ்சியும் நம்ம பையன்தான்" என்று தொடர்ந்தார் வேணுகோபால். "இந்தக் கோலுங்க வரதுக்கெல்லாம் கூடமாட ஒத்தாசை பண்ணுனவன். நல்ல தொண்டு. அவனை நாங்க எங்கயும் விட்டுற மாட்டோம். கடைசி வரைக்கும் எங்களுக்கு ஆடிக் குடுப்பான்." மேடையில் கைதட்டல் எழுந்தது. கம்பெனிக்காரரும் தட்டிவிட்டு மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

மேடையிலிருந்து இறங்கி வந்த வேணுகோபால் கொளஞ்சியின் தோளில் கை போட்டார். "மனசுல வச்சுக்காத தம்பி. என் நெலமை உனக்குத் தெரியாது. இன்னிக்கு மாப்பிள்ளைக்கு மொத மண்டகப்படி. போட்டோவுக்கு அவரும் ஷூ போட்டுக்கிட்டு உள்ள நிப்பாரு. சீக்கிரமா ஒண்ணு போட்டுரு."

கொளஞ்சி தாம்பாளத்தைக் கீழே வைத்து, சட்டையைக் கழற்றி அதன்மேல் போட்டுவிட்டு மைதானத்துக்குள் போனான். கோல் போனதில் அவனுக்கு வருத்தம் இருந்திருக்கலாம், வேலை போனதில் வயிறு எரிந்திருக்கலாம். ஆனால் அவனைப் போட்டு அறுத்தது அதுவல்ல. அந்த மனிதர் தன் கண்ணைப் பார்த்துவிட்டு அப்புறம் திரும்பிக்கொண்டார். பார்க்காமல் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

விசில் ஊதியது. புது ஷூ கடித்ததில் தங்கராசு நொண்டிக்கொண்டே நடுக்கோட்டில் பந்தைத் தொட்டுவிட்டு ஒதுங்கினான். பந்து கொளஞ்சியிடம் வந்தது. சாயங்கால வெயிலில் எதிர்க் கோல் வெறிச்சென்று திறந்து கிடந்தது. சிந்தாமணியின் விரல்களை நினைத்தான். வீட்டுக்குப் போய் அவளிடம் என்ன சொல்வது என்று நினைத்தான்.

பிறகு திரும்பினான்.

தன் அணியின் கோலை நோக்கி ஓடினான். யாருக்கும் முதலில் புரியவில்லை. பந்தைப் பின்னால் கீப்பருக்குக் கொடுக்கப் போகிறான் போல என்று அவனுடைய ஆட்களே வழிவிட்டார்கள். கீப்பராக நின்றவன் அவன் கூட்டாளி உத்திராபதி. மேடையில் பேசியதை எல்லாம் அவனும் மைக்கில் கேட்டிருந்தான். கொளஞ்சியின் முகத்தைப் பார்த்தான். ஒரு எட்டு விலகி நின்றுகொண்டான். கொளஞ்சி தன் ஆயுசிலேயே இல்லாத வேகத்தோடு அடித்தான்.

பந்து உள்ளே போயிற்று. அரியமுத்துவுக்கு இந்தப் பக்கத்துக் கோலுக்கு உபயதாரர் பெயர் எழுதிக் கொடுக்கப்படவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"சேம் சைடு கோல்! அடித்தது கொளஞ்சி! ஆண்டிமடம் கொளஞ்சி!"

நாலு ஒலிபெருக்கியிலும் அவன் பெயர் கேட்டது. வேறு எந்தப் பெயரும் கூட வரவில்லை. கொளஞ்சி கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டான்.

மேடையில் அவசரக் கூட்டம் நடந்தது. அந்தக் கோல் வேண்டவே வேண்டாம் என்று தலைவர் கைவிரித்தார். தங்கராசு ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். அதற்குள் பெரம்பலூர்க்காரர்கள் எழுந்தார்கள். கோல் விழுந்தது அவர்கள் கணக்கில், எனவே உபயமும் அவர்களுடையது, மண்டகப்படி மூப்புப்படி பெரிய ஆபீசருக்கு. நியாயம்தான் என்று வேணுகோபால் ஒப்புக்கொண்டார். மேளம் எடுத்தார்கள். பெரிய ஆபீசர் அடக்கமாகத் தலையைக் குனிந்து கொடுத்தார்.

கொளஞ்சி மைதானத்தைக் கடந்து நேரே மைக்கிடம் வந்தான். அரியமுத்து மைக்கை இழுத்துக்கொள்ளவில்லை.

"அது என் கோலுங்க" என்றான்.

அவன் மைக்கில் பேசியது அதுவே முதல்முறை. மேளம் நின்றது. பெரிய ஆபீசர் குனிந்த தலையைத் தூக்கினார்.

"ஏம்ப்பா, உன் சைடுக்கே நீ அடிச்சுட்டு, என் கோலுன்னு மைக்குல வேற சொல்றியே. வெக்கமா இல்ல?"

"வெக்கமாத்தான் இருக்குதுங்க. மருவாதி வந்த கோலெல்லாம் உங்களுதாவே இருக்கட்டும், நான் ஒண்ணும் கேக்கல. இது ஒண்ணுலதான் மருவாதி இல்ல, வெறும் வெக்கந்தான். அதையும் எடுத்துக்கிட்டா எப்புடிங்க?"

கூட்டத்தில் எவனோ சிரித்தான். மற்றவர்கள் சிரிக்கவில்லை. பரிவட்டத்தைப் பிடித்திருந்தவர் அதை எங்கே கட்டுவது என்று தெரியாமல் மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார்.

வேணுகோபால் ஓடி வந்தார். அவர் கண்களில் தண்ணீர் நின்றது. நடிப்பில்லை, நிஜமாகவே அழுதார். "இந்தச் சபைக்கு இப்புடித் துரோகம் பண்ணிட்டியேடா! உன்னை எப்புடி வச்சிருந்தேன்! எப்புடி நம்புனேன்!" என்றார். அவர் அதை மனதாரச் சொன்னார். தனக்குத்தான் துரோகம் நடந்துவிட்டது என்று அவர் முழுக்க நம்பினார் என்பது அந்த முகத்தில் தெரிந்தது.

கொளஞ்சிக்கு அப்போதுதான் எல்லாம் விட்டுப்போயிற்று. திட்ட வேண்டும் என்று வாய்வரை வந்திருந்தது, அதுவும் போயிற்று. துவைத்த சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். நாலடி நடந்தவன் நின்று திரும்பினான். எத்தனையோ வருஷமாக அந்த மனிதரிடம் விடைபெறும்போது, போயிட்டு வரேண்ணே என்றுதான் அவன் சொல்லி வந்திருக்கிறான்.

"நான் போறேன், சார்" என்றான்.